கார்ட் வாங்குவதா, ரேம் போடுவதா, ஃபானைத் துடைப்பதா: ஃப்ளைட்கியர் இழுக்கும்போது

அக்காவின் மகன் கல்லடியில் இருந்து இரவு ஒன்பதரைக்குக் கோல் எடுத்தான். "மாமா, ஃப்ளைட்கியர் பதினாலு ஃபிரேமுக்கு மேல போகுதில்ல. ஒரு கிராபிக்ஸ் கார்ட் பார்த்து வெச்சிருக்கன், செக்கன்ட் ஹேண்ட்தான், நாளைக்கே எடுக்கலாம்." நாளைக்கே எடுக்கலாம் என்றால் நாளைக்கே நான் காசு கொடுக்கலாம் என்று அர்த்தம். "பொறு மனே" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஃப்ளைட்கியர் என்பது கொம்பியூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருள். ஃபிரேம் என்றால் திரையில் செக்கனுக்கு எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு, அது குறைந்தால் காட்சி இழுத்து இழுத்து ஓடும்.

பொறுக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதே கிழமை என் லப்டொப்பிலும் இதே வியாதி. மட்டக்களப்பில் எழும்பும்போது நன்றாக ஓடும், அம்பாறைப் பக்கம் போய்ச் சேரும்போது 15க்கு வந்துவிடும். அவனிடம் 14, என்னிடம் 15, ஏறக்குறைய ஒரே எண். ஆனால் இரண்டு பேருக்குக் காய்ச்சல் 102 காட்டினால் இரண்டு பேருக்கும் டெங்கு என்று மருந்து கொடுக்க மாட்டோம்தானே. கடைசியில் பார்த்தால் அவன் மெஷினுக்குச் சரிவந்த வைத்தியம் என் மெஷினில் ஒன்றும் செய்யவில்லை, என்னுடையதற்குச் சரிவந்தது அவனுக்குத் தேவையே இல்லை. இதே இடத்தில் நின்று யோசிக்கிறவர்களுக்காக, எந்தத் தெரிவு யாருக்கு என்று எழுதி வைக்கிறேன்.

மெஷின் விபரம் முதலில். அவனுடையது ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒல்லிக் கேஸ் கொம்பியூட்டர்: கோர் ஐ5 4590, தனிக் கார்ட் இல்லை, பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 4600தான் படம் வரைகிறது, 8 ஜிபி ரேம் ஒரே துண்டாக. என்னுடையது கோர் ஐ5 8250யூ லப்டொப், கூடவே என்விடியா எம்எக்ஸ்150. இரண்டிலும் ஃப்ளைட்கியர் 2020.3. இது 1997இல் முதல் பதிப்பு வந்த திறந்த மூல மென்பொருள், காசு இல்லை, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள், அதனால் பிழை வந்தால் மெக்கானிக்கும் நாமேதான்.

எண்ணைப் பற்றி ஒரு சங்கதி சொல்லிவிட்டுப் போகிறேன், இது விளங்காமல் ஒப்பிடத் தொடங்கினால் ஏமாந்துவிடுவோம். ஃபிரேம் ரேட்டைப் பார்க்காமல் ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லிசெக்கன் போகிறது என்று பாருங்கள். 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிசெக்கன், 30 என்றால் 33, 14 என்றால் 71. இப்போது ஏதோ ஒரு செட்டிங்கைக் குறைத்து 10 மில்லிசெக்கன் மிச்சம் பிடித்தோம் என்று வையுங்கள். 40 ஃபிரேமில் ஓடுகிறவருக்கு அது 25ஐ 15 ஆக்கும், அதாவது 66 ஃபிரேம், ஆள் துள்ளிக் குதிப்பார். 14இல் கிடக்கிற என் மருமகனுக்கு அதே 10 மில்லிசெக்கன் 16 ஃபிரேமைத்தான் தரும். "இதை ஓஃப் பண்ணினேன், 26 ஃபிரேம் கூடிச்சு" என்று யாராவது சொன்னால், எதிலிருந்து எதற்கு என்று கேட்காமல் நம்பக்கூடாது.

அடுத்தது, எந்த விதமாக இழுக்கிறது என்பது. ஏறின நேரம் தொடக்கம் இறங்கும்வரை ஒரே சீராகக் குறைவாகவே இருக்கிறதா? நன்றாக ஓடிக்கொண்டே இருந்து சில செக்கனுக்கு ஒருமுறை விக்கல் எடுக்கிறதா? அல்லது தொடங்கும்போது நன்றாக இருந்து நேரம் போகப் போகத் தேய்கிறதா? மூன்றும் மூன்று நோய். சீரான குறைவு என்றால் கிராபிக்ஸுக்கு அல்லது பிராசசருக்குச் சுமை கூட. விக்கல் என்றால் பெரும்பாலும் புதுத் தரைத்துண்டு டிஸ்க்கில் இருந்து ஏறுகிறது, இல்லாவிட்டால் விமானத்தை இயக்கும் சிறு நிரலான நாசல் ஸ்கிரிப்ட், நினைவகத்தில் தான் போட்ட குப்பையைக் கூட்டுகிறது. தேய்வு என்றால் வெப்பம் அல்லது ரேம் நிரம்புதல். இன்னொன்றும் உண்டு, எண் சரியாக 30இல் அல்லது 20இல் ஆணி அடித்த மாதிரி நின்றால் அது நோயே இல்லை, படம் மாறுவதை மொனிட்டரோடு ஒத்துப்போக வைக்கும் விசிங்க் ஓனில் இருந்து மொனிட்டரின் 60ஐப் பாதியும் மூன்றிலொன்றுமாகப் பிரிக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கச் செலவு கிடையாது. வியூ மெனுவில் டிஸ்பிளே ஒப்ஷன்ஸுக்குள் போனால் ஃபிரேம் ரேட்டைக் காட்டும் பெட்டி இருக்கும், பக்கத்திலேயே மிக மோசமான ஃபிரேம் தாமதத்தைக் காட்டுவதும் இருக்கும், இரண்டையும் டிக் பண்ணுங்கள். சராசரி 30 என்று காட்டும்போது அந்தத் தாமதம் 200 மில்லிசெக்கன் காட்டினால், கண்ணுக்குத் தெரிகிற விக்கல் அதுதான்.

மறுகா, ஜன்னல் சோதனை. ஃப்ளைட்கியரை முழுத்திரையில் இருந்து எடுத்து, ஜன்னலைப் பிடித்துக் கால்வாசிக்குச் சுருக்குங்கள். ஃபிரேம் தாவி ஏறினால் கிராபிக்ஸ்தான் திணறுகிறது, ஏனென்றால் நிரப்பவேண்டிய புள்ளிகள் குறைந்ததும் அதற்கு மூச்சு வருகிறது. அசையவே இல்லை என்றால் பிராசசர், உங்களுக்கு எவ்வளவு பெரிய கார்ட் வாங்கிப் போட்டாலும் காசுதான் தண்டம். மருமகனின் மெஷினில் 14 இருந்தது 31க்கு ஏறியது. என்னுடையதில், தேய்ந்து 15இல் நிற்கும்போது சுருக்கினேன், 16. இந்த ஒரு சோதனைக்கே முக்கால்வாசித் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

மற்றச் சோதனைகள் அதை உறுதிசெய்ய மட்டும். ஃப்ளைட்கியரோடு யூஎஃப்ஓ என்ற ஒரு பறக்கும் தட்டு வருகிறது, பலர் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பார்கள், எனக்கு அது டொக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி. அதற்கு எஞ்சினும் இல்லை, சுற்று சுற்றான மீட்டர்கள் நிறைந்த கொக்பிட்டும் இல்லை. அதே இடம், அதே நேரம், அதே வானிலை வைத்து யூஎஃப்ஓவில் பறந்து பாருங்கள். ஃபிரேம் இரட்டிப்பானால் குற்றவாளி உங்கள் விமானம். மாறவில்லை என்றால் தரையும் வானமும். பிறகு தலையை நிமிர்த்தி வெறும் வானத்தைப் பாருங்கள், அப்போது ஏறினால் தரையில் உள்ள மரம், கட்டடம், தண்ணீர் பக்கம் போய்த் தேடுங்கள். டீபக் மெனுவில் திரையிலேயே புள்ளிவிபரம் காட்டும் வசதி ஒன்றும் உண்டு, அழுத்த அழுத்த ஒவ்வொரு நிலையாக மாறும், அதில் அப்டேட், கல் (Cull), டிரோ (Draw), ஜீபியூ என்று பட்டைகள் வரும். ஜீபியூ பட்டை நீண்டிருந்தால் கிராபிக்ஸ். அப்டேட் நீண்டிருந்தால் பறப்புக் கணக்கும் ஸ்கிரிப்டும். கல், டிரோ நீண்டிருந்தால் காட்சியில் பொருட்கள் கூடிப்போய்விட்டன.

இந்த இடத்தில் ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. "டாஸ்க் மனேஜரில் பார்த்தேன், சீபியூ 15 வீதம்தான் ஓடுது, அது சும்மா கிடக்கு" என்பார்கள். ஃப்ளைட்கியரின் முக்கிய வேலை ஒற்றை இழையில், அதாவது பிராசசரின் ஒரே வேலை வரிசையில் ஓடுகிறது. என் லப்டொப்பில் எட்டு இழைகள், ஒன்று மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தத்தில் அது 12.5 வீதம்தான். எட்டுப் பேர் நிற்கிற இடத்தில் ஒருவன் மட்டும் மண் வெட்ட ஏழு பேர் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி. அதனால்தான் இதற்குக் கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம், கடையில் "இது பன்னிரண்டு கோர்" என்று சொல்லி விற்க வருகிறவரிடம் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

செட்டிங்கைக் குறைப்பதுதான் முதல் தெரிவு. காசு இல்லாதது என்பதால் எல்லாரும் இதைக் கேவலமாக நினைத்து எல்லாவற்றையும் மொத்தமாக ஆகக் கீழே இழுத்துவிட்டு "பார்க்க வடிவில்லை" என்று திரும்ப ஏற்றிவிடுவார்கள். ஒன்றொன்றாகச் செய்தால் எது தின்னுகிறது என்று தெரியும். நாம் பறக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். மட்டக்களப்பு விமானத்தளம் திமிலைதீவில், சுற்றிவரத் தண்ணீர். எழும்பின உடனே 56 கிலோமீட்டர் நீளமான வாவி ஒருபக்கம், கடல் மறுபக்கம், திரையில் பாதி தண்ணீர்தான். ஃப்ளைட்கியரில் தண்ணீருக்கு நிறமும் ஒளியும் கணக்கிடும் நிரல், அதாவது தண்ணீர் ஷேடர், உயர்தரத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் அலை, நுரை, வானத்தின் பிரதிபலிப்பு என்று கணக்குப் போடும். நகரத்து ஆட்கள் எழுதும் அறிவுரைகளில் கட்டடங்களைக் குறை என்றுதான் இருக்கும், எங்களுக்குக் குறைக்க வேண்டியது தண்ணீர். ரெண்டரிங் ஒப்ஷன்ஸுக்குள் ஷேடர்களைத் தனித்தனியாக மாற்றும் இடத்தில் தண்ணீரை மட்டும் ஒரு படி இறக்கினோம், விளிம்புகளை வழுவழுப்பாக்கும் ஆன்டி அலையசிங்கை எடுத்தோம், மருமகனின் 14 இருபத்து நாலு ஆனது. வாவி கொஞ்சம் தட்டையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். எண்ணூறு அடிக்கு மேல் போனால் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிகிறதாம்.

அதே பறப்பில் தெற்கே திரும்பி அம்பாறை கல்லோயாத் தளத்துக்குப் போனால் கதை மாறும். நேர்கோட்டில் 40 கிலோமீட்டர் சொச்சம், செஸ்னாவில் கால் மணி நேரம். தண்ணீர் குறையும், மரம் கூடும். அங்கே மர அடர்த்தியும் தூரத்துப் பொருட்களை எவ்வளவு தொலைவில் இருந்து வரைவது என்ற எல்லையும்தான் தின்னும். பார்வைத் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வரையவேண்டிய தரை நாலு மடங்காகிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. நிழல், முப்பரிமாண முகில், மற்ற விமானங்களின் போக்குவரத்து, ஒன்லைனில் கூடப் பறக்கிற ஆட்களின் விமான மொடல்கள் எல்லாம் அடுத்த வரிசை. இதில் நிழலும் முகிலும் கிராபிக்ஸைத் தின்னும். போக்குவரத்தும் மற்றவர்களின் விமானங்களும் பிராசசரையும் ரேமையும் தின்னும். ஜன்னல் சோதனையில் எது வந்ததோ அதற்கேற்றதைக் கழற்றுங்கள், மற்றதைக் கழற்றி வடிவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காசில்லாத இன்னொன்று, எந்தக் கார்ட் ஓடுகிறது என்று பார்ப்பது. ஹெல்ப் மெனுவில் எபௌட்டைத் திறந்தால் படம் வரைகிற சிப்பின் பெயர் இருக்கும். என் லப்டொப்பில் எம்எக்ஸ்150க்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு இரண்டு மாதமாக இன்டெல்லில் பறந்திருக்கிறேன்! வின்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் கிராபிக்ஸ் பகுதிக்குள் போய் ஃப்ளைட்கியருக்கு உயர்செயல்திறன் என்று தெரிவு செய்ததும் தொடக்க ஃபிரேம் 38. வெட்கமாகத்தான் இருந்தது. லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் அந்த இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று கண்டால் டிரைவரே ஏறவில்லை, பிராசசர்தான் படமும் வரைகிறது என்று அர்த்தம், வேறொன்றையும் தேடாதீர்கள்.

ஆனால் அந்த 38 நிலைக்கவில்லை, கால் மணி நேரத்தில் திரும்ப 15. இங்கேதான் இரண்டாவது தெரிவு வருகிறது, ஃபானைத் துடைப்பது. இது நடந்தது ஜூலையில். கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிறது, பகல் முழுக்க வீட்டுச் சுவரே சுடும். 8250யூ 15 வாட் பிராசசர், 3.4 கிகாஹேட்ஸ் வரை எழும்பும், ஆனால் சூடு கூடினால் தன்னைக் காப்பாற்ற 1.6க்கு, சிலவேளை அதற்கும் கீழே இறங்கிவிடும். வேகம் பாதியானால் ஒற்றை இழையில் ஓடும் ஃப்ளைட்கியரும் பாதியாகத்தானே வேண்டும். எந்த நேரமும் பறப்பின் அதே கட்டத்தில் ஃபிரேம் இறங்கியதால் அம்பாறையின் மரங்கள்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டு மரத்தை எல்லாம் வெட்டித் தள்ளினேன், ஒரு பிரயோசனமும் இல்லை. திமிலைதீவிலேயே நிறுத்தி வைத்துக் கால் மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தபோது, அங்கேயும் 15! மரம் பாவம்.

பின்பக்கத்தைக் கழற்றினால் ஃபானுக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் கம்பளி மாதிரித் தூசி. துடைத்து, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டைச் சுரண்டிப் புதிது பூசி, கீழே காற்றுப் போக இரண்டு மரத்துண்டு வைத்தேன். கழற்றப் பயமென்றால் திருத்துகிற கடையில் கொடுங்கள், மற்ற எல்லாத் தெரிவையும்விட மலிவு. கூடவே ஒன்று செய்தேன், முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்: ஃபிரேம் ரேட்டுக்கு 30 என்று மேலெல்லை வைத்தேன். 38 வரும்போது எதற்கு 30இல் கட்டுவது? ஓடத் தேவையில்லாத வேகத்தில் ஓடாவிட்டால் சூடேறுவது குறைவு, அதனால் அந்த 30 கடைசிவரை 30ஆகவே நிற்கிறது. தரையிறங்கும்போதுதான் ஃபிரேம் தேவை, எழும்பும்போது கிடைத்த 38ஐ வைத்து என்ன செய்வது. கரண்ட் போய் பட்டரியில் ஓடினாலும் சில லப்டொப் தானாகவே வேகத்தைக் குறைக்கும், அந்த நேரத்தில் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாக: அது சராசரி ஃபிரேமை ஏற்றாது. பறக்கப் பறக்க இணையத்தில் இருந்து தரைக்காட்சியை எடுக்கும் டெர்ராசிங்க், தரைத்துண்டுகளை இறக்கி வைக்கும் இடம் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் விக்கலைக் குறைக்கும், தொடங்கும் நேரத்தையும் குறைக்கும். விக்கல்தான் உங்கள் நோய் என்றால் நல்ல தெரிவு, இல்லாவிட்டால் அது கொம்பியூட்டருக்கு நல்லது, ஃப்ளைட்கியருக்கு அல்ல. லினக்ஸுக்கு மாறுவதும் அப்படித்தான், பழைய மெஷினுக்கு நிம்மதி, ஆனால் என்விடியா கார்ட் வைத்துக்கொண்டு நூவோ என்ற திறந்த மூல டிரைவரில் ஓட்டினால் இருந்ததையும் இழப்பீர்கள்.

மூன்றாவது, இன்னொரு ரேம் துண்டு. இது தனிக் கார்ட் இல்லாதவர்களுக்கு மட்டும். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போடுகிறது. மருமகனின் டிடிஆர்3 1600 ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால் செக்கனுக்கு 12.8 ஜிகாபைட் போகும். இரண்டு துண்டை உரிய இரண்டு துளையில் போட்டால் 25.6. ஒற்றையடிப் பாதை இரட்டைப் பாதையாகிறது. வாங்க முன்னம் சிநேகிதன் ஒருவனின் பழைய கொம்பியூட்டரில் இருந்து ஒரு துண்டை ஒரு பின்னேரத்துக்கு இரவல் எடுத்துப் போட்டுப் பார்த்தோம். செட்டிங் குறைத்த 24, 31 ஆனது. செட்டிங் எதையும் குறைக்காமல் ரேம் மட்டும் போட்டால் 14 இல் இருந்து 19. மில்லிசெக்கனில் பார்த்தால் செட்டிங் தந்தது 30, ரேம் தந்தது 19, அதுவும் பழைய டிடிஆர்3 துண்டுக்கு ஆகும் செலவில். என்னைக் கேட்டால் இந்த மாதிரி மெஷினுக்கு இதைவிடக் காசுக்குப் பெறுமதியானது ஒன்றுமில்லை.

கடைசியாகக் கார்ட். அவனுக்கு அது பயன்படாது என்று சொல்ல முடியாது, ஜன்னல் சோதனை அவன் பக்கம்தான் சாட்சி சொன்னது. ஜிடிஎக்ஸ் 1050டிஐயின் சொந்த நினைவகத்துக்குச் செக்கனுக்கு 112 ஜிகாபைட், அவனுடைய இரட்டைப் பாதையைவிட நாலு மடங்குக்கும் மேல். தண்ணீரைத் திரும்ப ஏற்றிவிட்டே பறக்கலாம். ஆனால் கார்ட் தனியாக வராது, கரண்டும் இடமும் கேட்டு வரும். 1050டிஐ 75 வாட், மதர்போர்ட் துளையில் இருந்தே எடுத்துக்கொள்ளும், பிராசசரின் 84 வாட்டோடு சேர்த்தாலும் அவனுடைய 255 வாட் பவர் சப்ளை தாங்கும். அவன் பார்த்து வைத்திருந்ததோ ஆர்எக்ஸ் 580, அது 185 வாட், தனி எட்டு ஊசி வயர் வேண்டும், அந்தப் பெட்டியில் அப்படி ஒரு வயரே இல்லை. பவர் சப்ளையை மாற்றலாம் என்றான். ஒல்லிக் கேஸுக்குள் சாதாரண பவர் சப்ளையும் போகாது. அந்தக் கார்ட்கள் பல கிரிப்டோ சுரங்கத்தில் இரவு பகலாக ஓடிவிட்டு வந்தவை என்பதையும் சொன்னேன். 1050டிஐ என்ற பெயரில் பழைய சிப்பின் பயோஸை, அதாவது கார்டுக்குள் இருக்கும் மென்பொருளை, மாற்றி எழுதி விற்கும் போலிகளும் உண்டு, ஜீபியூசெட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய் விற்பவரின் முன்னாலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும், ஓட்ட விடமாட்டேன் என்றால் திரும்பி வர வேண்டும்.

அடுத்த ஞாயிறு கல்லடிக்குப் போனபோது தையல் டேப் ஒன்றை அக்காவிடம் வாங்கிக் கேஸின் மூடியைக் கழற்றி அளந்தோம். விளம்பரத்தில் இருந்த கார்டின் உயரத்துக்கும் மூடிக்கும் இடையில் ஒரு விரல் இடம் இருக்கும் என்று அவன் எதிர்பார்த்தான். கார்ட் மூடிக்கு வெளியே நாலு விரல் நின்றிருக்கும். கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு "குள்ளக் கார்டிலயும் 1050டிஐ வருதாம் மாமா" என்றான். வருகிறதுதான். ஓ.எல். சோதனை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.